பின்னலுக்கு எதற்குத் தனிச் சட்டம்?

கேள்வி: பின்னல் போட்ட கறுப்பினப் பெண்களை வேலையிடத்தில் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்திருக்கிறதாம். இனப் பாகுபாட்டையும் பெண் பாகுபாட்டையும் தடுக்க ஏற்கெனவே சட்டம் உண்டே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உண்டு. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இரண்டையுமே தடுக்கிறது. ஆனால் வழக்கு என்று வந்தால், இரண்டுக்கும் நடுவே கறுப்பினப் பெண் கைவிடப்படுகிறாள். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 11 ஆண்டு வேலை பார்த்த ரெனி ராஜர்ஸ், மண்டையை ஒட்டி வரிவரியாகப் போடும் கார்ன்ரோ பின்னலோடு வேலைக்கு வந்தார். தலை முழுக்கப் பின்னுவதை நிறுவன விதி தடுத்தது. 1981-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் விதி ஒன்றே, எனவே பாகுபாடு இல்லை. தானாக வளரும் ஆஃப்ரோ முடி என்றால் யோசிக்கலாம், பின்னல் கையால் போட்டதுதானே, மாற்றிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பின் வாதம். ஒரு வெள்ளை நடிகை படத்தில் போட்டுப் பிரபலமான பிறகே ராஜர்ஸ் இப்படிப் பின்னினார் என்றும் அதில் குறித்தார்கள். ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகத் தாய் மகளுக்குப் பின்னிவிட்ட பின்னல் அது!

நிறுவனம் காட்டிய வழி, பின்னலைக் கொண்டையாக்கிச் சவுரியால் மறைப்பது. சவுரி தலைவலி தருகிறது என்றார் ராஜர்ஸ். இன்னும் பெரிய சவுரியாக வைத்துக்கொள்ளலாமே என்றது நீதிமன்றம்.

மறைக்கச் சொல்வது பழைய கதை. 1786-இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மீரோ, அடிமைகளாக இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் பளிச்சென்ற துணியை உயர்த்திக் கட்டி, மணியும் இறகும் செருகி, அதையே அழகாக்கிக் காட்டினார்கள்.

கேள்வி: முடியை நேராக்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: நேராக்கும் களிம்புகள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. முடிக்குள் இருக்கும் பிணைப்புகளை உடைத்துத்தான் அது சுருளை எடுக்கிறது. சில நிமிடம் கூடிப்போனால் மண்டைத்தோல் வெந்துவிடும். வேரிலிருந்து வரும் முடி சுருண்டேதான் வரும் என்பதால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வேலைக்காக ஒருத்தி ஏன் இதைத் தாங்க வேண்டும்? பின்னலுக்குக் காரணமும் உண்டு: சுருள்முடி எளிதில் வறண்டு முறியும். பின்னிவிட்டால் வாரக்கணக்கில் சீப்பு படாமல் தப்பும். ரொம்ப இறுக்கினால் மட்டும் நெற்றியோரம் கொட்டும்.

கேள்வி: புதிய சட்டம் பலன் தந்ததா?

பதில்: கிரவுன் சட்டம் என்பது அதன் பெயர். 2019 ஜூலையில் முதலில் கலிஃபோர்னியா மாநிலத்தில் கையெழுத்தானது, கொண்டுவந்தவர் அந்த மாநிலச் செனட்டர் ஹாலி மிட்செல். முடியின் தன்மை, பின்னல், சடைமுடி எல்லாவற்றையும் ‘இனம்’ என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். 1981-இன் வாதத்துக்கு அங்கே இடமில்லை. நாடு முழுவதற்குமான மசோதா 2022-இல் கீழவையில் நிறைவேறி, மேலவையான செனட்டில் நின்றுபோனது.

டெக்சாஸ் மாநிலத்தின் கிரவுன் சட்டம் 2023 செப்டம்பரில் அமலானது. ஆனால் ஒரு பள்ளி, சடைமுடி பரவாயில்லை, நீளம்தான் கூடாது என்று ஒரு மாணவனைத் தண்டித்தது. 2024 பிப்ரவரியில் நீதிபதியும் அதை ஏற்றார், ஏனென்றால் ‘நீளம்’ என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. பின்னலையாவது அவிழ்க்கலாம், திரண்டு முற்றிய சடையைப் பெரும்பாலும் வெட்டத்தான் வேண்டும்.