விளக்கு வெளிச்சத்தில் எஃப் 1.8 லென்ஸால் எடுக்கும் முகங்கள் ஏன் மங்கலாக வருகின்றன?

கேள்வி: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மம்மாவோடு போகிறோம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் அவவைப் படமெடுக்க 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். ஏபிஎஸ்-சி சென்சர் (35 மி.மீ. பிலிம் சட்டகத்தைவிடச் சிறியது) உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கமரா. முள்ளியவளையில் வீட்டு விறாந்தையில் எடுத்துப் பார்த்தால் பத்தில் இரண்டுதான் தெளிவு. லென்ஸ் பழுதா?

பதில்:

பெரும்பாலும் லென்ஸில் பழுது இருக்காது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், தெளிவாக விழும் ஆழம் குறையும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எஃப் 1.8 இல் எடுத்தால், உங்கள் சென்சரில் தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாக மொத்தம் ஆறு சென்ரிமீற்றர்தான். ஒரு மீற்றருக்கு நெருங்கினால் அது மூன்றுக்கும் குறைந்துவிடும். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கும், கிட்டக் கண்ணில் விழுந்தால் தூரக் கண் மங்கும். கமராவோடு வந்த 18-55 கிற் லென்ஸ் 50 மி.மீ. இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைப்போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் தருகிறது, ஆனால் அதற்கு ஈடாக ஆழத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் வெளிச்சம் முழுவதையும் லென்ஸிடமே கேட்காதீர்கள். ஒரு பங்கை விளக்கிடம் கேளுங்கள்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு அடிமட்டத்தை மேசையில் சாய்த்து வைத்து, கமராவை முக்காலியில் நிறுத்தி, எஃப் 1.8 இல் நடு ஃபோகஸ் புள்ளியால் 15 சென்ரிமீற்றர் கோட்டுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம்) வழியாக ஐந்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஐந்து எடுங்கள். லைவ் வியூ சரியாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகினால், கமராவின் ஃபோகஸ் அமைப்புக்கும் லென்ஸுக்கும் ஒத்துவரவில்லை. அதைத் திருத்தும் வசதி தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் பொதுவாக இராது. அப்படியானால் முக்கியமான படங்களை லைவ் வியூவிலேயே எடுங்கள், அந்தப் பிழை அங்கே வராது. விலகல் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாக மாறி மாறி வந்தால் லென்ஸ் நல்லது, எடுக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

அந்த முறையில் மிகப் பெரிய பிழை, நடுப் புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்பிச் சட்டகத்தைச் சரிசெய்வது. கிற் லென்ஸில் இதைச் செய்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றரை மீற்றரில் 15 பாகை திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்கு ஐந்து சென்ரிமீற்றர் பின்னால் போய்விடும். அந்தத் தளத்துக்கு முன்னால் தெளிவாக விழுவது மூன்றுதான். காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் வந்த படங்கள் அநேகமாக இப்படித்தான் கெட்டிருக்கும். ஒற்றைப் புள்ளி முறையை வைத்து, கமராவுக்குக் கிட்ட உள்ள கண்ணின் மேல் விழும் புள்ளியை நீங்களே தெரிவுசெய்யுங்கள். பழைய கமராவில் ஓரப் புள்ளிகள் இருட்டில் தடுமாறும். அப்போது நடுப் புள்ளியையே பாவித்து, கொஞ்சம் தள்ளி நின்று அகலமாக எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். தள்ளி நின்றால் ஆழமும் கூடும்: இரண்டு மீற்றரில் பதினொரு சென்ரிமீற்றர் கிடைக்கும். நடுப் புள்ளியும் பிடிக்காவிட்டால் ஒருவரை டோர்ச் அடிக்கச் சொல்லி, ஃபோகஸ் பிடித்ததும் அணைக்கச் சொல்லுங்கள். லைவ் வியூவில் பத்து மடங்கு பெருப்பித்து, இமைமயிர் தெரியும்வரை வளையத்தைக் கையால் திருப்புவது அதைவிட நம்பகமானது. வயதானவர் ஓரிடத்தில் இருப்பார் என்பதால் இது உங்களுக்கு ஒத்துவரும்.

இனி வெளிச்சம். விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஒரு மீற்றரில் ஐஎஸ்ஓ (கமராவின் வெளிச்ச உணர்திறன்) 12800 கேட்கும் முகம், அரை மீற்றருக்கு வந்தால் 3200 இல் முடிந்துவிடும். எந்த லென்ஸும் இவ்வளவு மலிவாக இதைத் தராது. ஒற்றைத் திரி போதாது, குத்துவிளக்கின் ஐந்து திரியையும் ஏற்றுங்கள். விளக்கு நிலத்தில் இருந்து அம்மம்மா நின்றால் வெளிச்சம் கீழிருந்து ஏறி, மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் போய் முகத்தைக் கெடுக்கும். அவவைப் பாயில் இருத்தி, விளக்குச் சுடர் முகவாய்க்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். சேலைத் தலைப்பு சுடரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழற்பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை யாராவது விரித்துப் பிடித்தால் கன்னத்தின் இருள் இளகும்.

இப்படி அமைத்த பிறகு மனுவல் முறையில் எஃப் 2, 1/80 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். தானியங்கி அளவீட்டை நம்ப வேண்டாம். சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து அது முகத்தை வெளிறடித்துவிடும். 1/80 க்குக் கீழே போனால் கையும் ஆடும், ஆளும் ஆடும். முக்காலி உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும். சின்னப்பிள்ளை என்றால் 1/250 வேண்டும், அதற்கு விளக்கு வெளிச்சம் காணாது. ஒவ்வொரு முறையும் நான்கைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். அவற்றில் ஒன்றாவது மூச்சுக்கு நடுவில் அசையாமல் வந்திருக்கும். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் தூக்காதீர்கள். பழைய சென்சர்களில் மணல் மணலாக வருவது அப்போதுதான் கூடும்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணெய்ச் சுடரின் நிறவெப்பநிலை 1900 கெல்வின் அளவில் இருக்கும், பல கமராக்களின் வெள்ளைச் சமநிலை 2500 க்குக் கீழே இறங்காது. றோ கோப்பாக (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு திருத்தலாம். ஆனால் சிவப்பு நிறம் முதலிலேயே நிரம்பி வழிந்துவிட்டால் கன்னத்தில் செம்மஞ்சள் திட்டு விழும், அதை மீட்க முடியாது. திரையில் மூன்று நிறங்களின் வரைபடத்தையும் (ஹிஸ்டோகிராம்) திறந்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் ஐஎஸ்ஓவை ஒரு படி குறையுங்கள். திருத்தும்போது முகத்தை வெள்ளையாக்கிவிடாதீர்கள். விளக்கின் மஞ்சள் கொஞ்சம் இருக்கட்டும், அந்த இரவின் நிறம் அதுதான்.

கோயில் வீதியில் கடைகளின் எல்ஈடி வெளிச்சத்தில் எடுப்பது வேறு கணக்கு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் விளக்குகள் நொடிக்கு 100 தரம் துடிக்கும். 1/100 அல்லது 1/50 இல் எடுத்தால் துடிப்பு தெரியாது. 1/500 போனால் படத்தில் பட்டி பட்டியாக இருள் விழலாம். ஜெனரேற்றரில் ஓடும் கடைகளில் இந்தக் கணக்கும் பிசகும், ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். நீலத் தறப்பாளின் கீழ் இருத்தி எடுக்கவே வேண்டாம். மேலிருந்து வரும் நீலமும் கீழிருந்து வரும் விளக்கு மஞ்சளும் ஒரே முகத்தில் கலந்தால் எந்த மென்பொருளிலும் பிரிக்க முடியாது.

லென்ஸின் முன் யூவி கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சட்டகத்துக்குள் சுடர் இருக்கும்போது அந்தக் கண்ணாடி இன்னொரு பேய்ச்சுடரை உண்டாக்கும். குளிரூட்டிய வான் வண்டியில் வந்து இறங்கினால் கமராப் பையை அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் பனி பிடிக்கும். பொங்கல் அடுப்புகளின் புகை காற்று வீசும் பக்கமாகப் பரந்து படத்தை வெளிற வைக்கும். காற்று வரும் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.

இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை என்றால், பொழுதுபட்ட பின் வரும் இருபது நிமிடத்தைப் பாவியுங்கள். வைகாசியில் அது ஆறரை மணியை ஒட்டி வரும். அப்போது விளக்கு முகத்தை நிரப்பும், பின்னால் நந்திக்கடல் களப்புப் பக்கத்து வானம் இன்னும் நீலமாக இருக்கும். எஃப் 2.8 க்கு மூடினாலும் வெளிச்சம் காணும், ஒன்றரை மீற்றரிலேயே ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் கிடைக்கும். இரண்டு கண்ணும் தெளிவாக வரும்.