புருவத்துக்கு மைக்ரோபிளேடிங்: ஸ்பிரிட்டும் நீல விளக்கும் போதுமா?

கேள்வி: புருவத்துக்கு மைக்ரோபிளேடிங் செய்துகொள்ள விரும்புகிறேன். நான் விசாரித்த அழகு நிலையத்தில் கருவிகளை ஸ்பிரிட்டால் துடைத்து, நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இது போதுமா? – வாசகி, ஈரோடு

பதில்: போதாது. நுண்ணிய பிளேடால் புருவத்தில் நிறமியை ஏற்றும் மைக்ரோபிளேடிங்கும் பச்சை குத்துவதும் தோலைக் கீறி இரத்தத்தைத் தொடும் வேலைகள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில்கூட குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்பதால், பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் கருவியை நம்பிவிட முடியாது. அந்த நீல விளக்குப் பெட்டியின் புறஊதாக் கதிர், தான் நேராக விழும் இடத்தை மட்டுமே தீண்டும். பிடியின் இடுக்கிலும் கருவியின் அடிப்புறத்திலும் அதற்கு வேலையில்லை. ஸ்பிரிட் பாக்டீரியா வித்துகளை (கடினமான உறைக்குள் உறங்கும் வடிவத்தை) அழிப்பதில்லை.

திரும்பப் பயன்படுத்தும் உலோகக் கருவிகளுக்கு ஆட்டோகிளேவ்தான் முறை. பிரஷர் குக்கரைப் போலவே அழுத்தத்தில் அடைபட்ட நீராவியால் இயங்கும் அது, உறையிட்ட கருவிகளை 121 டிகிரி செல்சியஸில் சுமார் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் கருவிகளைப் பிரித்துத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்; காய்ந்த இரத்தமும் நிறமியும் ஒட்டியிருந்தால் அவற்றின் அடியில் கிருமிகள் தப்பிவிடும். உறையின் மேலுள்ள பட்டை நிறம் மாறியிருப்பது வெப்பம் பட்டதற்கு அடையாளமே தவிர, கிருமிகள் அழிந்ததற்குச் சான்று அன்று. ஆட்டோகிளேவ் பாக்டீரியா வித்துகளையும் கொல்கிறதா என்று பார்க்கும் வித்துச் சோதனையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

பிளேடும் ஊசியும் ஒருவருக்கு ஒருமுறைதான். காலாவதித் தேதி அச்சிட்ட உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பலரும் ஊசியோடு நின்றுவிடுகிறார்கள். நிறமியை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 2011-12இல், ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தடிப்புகள் வந்தன. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமியே காரணம் என்று தெரிந்தது. அவர் பயன்படுத்திய சாம்பல் நிற மை, தயாரிக்கும் இடத்திலேயே மாசுபட்டிருந்தது. மையை நீர்க்கச் செய்யச் சேர்த்த வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) மீதே சந்தேகம் விழுந்தது. வாலைவடிநீர் கிருமி நீக்கிய நீர் ஆகாது. நம் ஊரில் கேன் தண்ணீரில் மையைக் கலக்குபவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். சிறு கிண்ணத்தில் ஊற்றிய மையில் மிச்சமிருப்பது குப்பைக்குத்தான் போக வேண்டும், மீண்டும் புட்டிக்குள் அல்ல.

கேள்வி: கையில் டாட்டூ போட்டிருக்கிறேன். இரத்ததானம் செய்யலாமா? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இந்திய விதிமுறைப்படி, போட்ட நாளிலிருந்து 12 மாதங்கள் கழித்துச் செய்யலாம். தொற்று ஏற்பட்ட தொடக்கத்தில் பரிசோதனையில் அது பிடிபடாமல் போகக்கூடும் என்பதால்தான் இந்த இடைவெளி. அடுத்த டாட்டூ எண்ணம் இருந்தால், முதலில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையாகப் போட்டு முடியுங்கள். ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி-க்கும் தடுப்பூசி கிடையாது.