குறட்டைக்கு மாஸ்க் அவசியமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. தூக்கப் பரிசோதனையில் ஏ.ஹெச்.ஐ. (மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற கணக்கு) 34 என்று வந்ததால், மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவி கொடுத்திருக்கிறார்கள். வாய் வறண்டுபோகிறது என்று நடுராத்திரியில் மூக்கு மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார். வெறும் குறட்டைக்கு இதெல்லாம் தேவையா?
- வாசகி, திருச்சி

பதில்: கட்டாயம் தேவை, அம்மா. இது வெறும் குறட்டை இல்லை, ‘ஸ்லீப் ஆப்னியா’ எனும் தூக்க மூச்சுத்தடை. தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக 34 முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடி, அவருக்கு மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30-ஐ எட்டினாலே தீவிர நிலை. ஆக்சிஜன் இறங்க இறங்க ரத்த அழுத்தம் எகிறும். மாத்திரைக்கு அடங்காத பி.பி., சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்தும் கூடும். பகலில் கண் அசருகிறது என்றால், அது சரியாகும்வரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

வாய் திறந்து தூங்குவதே வறட்சிக்குப் பெரும்பாலும் காரணம். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். கருவியின் தண்ணீர்த் தொட்டியில் தினமும் புதிதாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் உப்பு படியும். அப்படியும் அடங்காவிட்டால் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். பட்டையை இறுக்கிக் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு; மாஸ்க்கின் ஓரத்தில் உள்ள குஷன் நசுங்கிக் காற்று இன்னும் கசியும். படுத்த நிலையில், காற்று வரும்போதே பொருத்துங்கள். முகத்து எண்ணெய்ப் பிசுக்கும் கசிய வைக்கும், குஷனைத் தினமும் கழுவுங்கள். பழகும்வரை பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டிருக்கட்டும். காற்றழுத்தத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.