159 செ.மீ.க்கு அரை செ.மீ. குறைந்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறினேன். மதுரையில் உடற்கூறு அளத்தலில் 158.5 செ.மீ. என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அளந்தபோது 159.3 இருந்தது. என்னோடு வந்த எஸ்.சி. தோழி 158-லேயே தேறிவிட்டாள். இது பாகுபாடுதானே? – மேலூர் வாசகி

பதில்: தோழியின் கதையை முதலில் விடுங்கள். பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157 (ஆண்களுக்கு 170, 167) என்பது அறிவிக்கையிலேயே இருக்கும் சலுகை. அதைப் பாகுபாடு என்று வாதாடினால் மனு நிற்காது.

உங்களுக்கு வழி இருப்பது அளந்த விதத்தில். படுத்து எழுந்ததும் யாருக்கும் உயரம் கூடுதல்தான். நிற்க நிற்க முதுகெலும்பு வட்டுகள் அழுந்தி, மாலைக்குள் சுமார் 1 செ.மீ. குறையும், அதில் பெரும்பகுதி எழுந்த சில மணி நேரத்திலேயே போய்விடும். விடியற்காலையில் வீட்டில் பார்த்த 159.3, வெயிலில் வரிசையில் நின்றபின் 158.5 ஆவதில் அதிசயமில்லை. அதனால் வீட்டில் அளப்பதை முற்பகல் 11 மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்: வெறுங்காலோடு, கொண்டை இல்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி, பார்வை நேராக.

மைதானத்தில் குறைந்தால் வாக்குவாதம் வேண்டாம். வெளியே வருமுன் மேற்பார்வை அதிகாரியிடம் மறு அளவீடு கேட்டு எழுதிக் கொடுங்கள். பதிவெண், நேரம், காட்டிய அளவு, எந்தக் கருவி ஆகியவை அதில் இருக்கட்டும். வீடியோ பதிவு இருந்தால் அழிக்காமல் வைக்கவும் கேளுங்கள். நகலில் கையொப்பம் தர மறுத்தால் அன்றைக்கே சென்னை எழும்பூரிலுள்ள சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் உயரச் சான்று வாங்கலாம். அது வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மறு அளவீட்டுக்கு உத்தரவு கேட்க உதவும்.

‘159 என்ற விதியே தவறு’ என்பது வேறு வழக்கு, கடினமான வழக்கும்கூட. கனடாவில் காட்டுத்தீயணைப்புப் பெண் ஒருவர் 2.5 கி.மீ. தூரத்தை 11 நிமிடத்தில் ஓட முடியாமல், 49 வினாடி தாமதத்தால் வேலையை இழந்தார். அத்தனை வேகம் தீயை அணைக்கத் தேவை என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை. 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்றாலும் அது ஒரு தரப்பை மட்டும் வெளியே தள்ளினால் மறைமுகப் பாகுபாடுதான் என்பதை, ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில் 2021-இல் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் இங்கே ஆண், பெண் அளவுகள் ஏற்கெனவே தனித்தனி என்பதால் அந்த வாதம் உங்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். விதியை எதிர்ப்பதானால் அறிவிக்கை வந்தவுடன், தேர்வுக்கு முன்பே செல்லுங்கள். விதிகளை ஏற்று எழுதித் தோற்றபின் அதையே குறை சொல்பவரை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதே கண்டிப்பு வாரியத்துக்கும் உண்டு: தேர்வு தொடங்கியபின் இடையில் விதியை மாற்றக் கூடாது, விதிகளே இடம் தந்தால்தான் விலக்கு என 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

திருநங்கை, திருநம்பி வாசகர்களுக்கு: மாவட்ட ஆட்சியரின் அடையாளச் சான்றை விண்ணப்பிக்குமுன் வாங்கிவிடுங்கள். வேலைவாய்ப்பில் பாகுபாட்டை 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தடுக்கிறது. திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் ஆனதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பால்தான்.

ஆவணம் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதுவரை காத்திருந்தால் தேர்வுப் பட்டியல் வெளியாகிவிடலாம். மனுவை முதலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாக்கல் செய்துவிடுங்கள். வழக்கறிஞர் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கிளையிலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் அறிவிக்கை, அழைப்புக் கடிதம், மறு அளவீடு கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்ததன் நகல் மூன்றோடும் போங்கள்.