மொக்கை ஜோக்கும் ஒரு முனகலும்

அன்புள்ள அக்கா,

தேசிய சேவை முடித்துவிட்டேன். பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் சில மாதங்கள் இருப்பதால், சிங்கப்பூரின் மரினா பேயைச் சுற்றிக் காட்டும் படகு ஒன்றில் பகுதி நேரமாக மைக் பிடிக்கிறேன். கொடுத்திருக்கும் ஸ்கிரிப்டில் பாதி மொக்கை ஜோக். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கத்தலைச் சிலையான மெர்லயனைக் கடக்கும்போது, “பாவம், 1972லிருந்து இதற்கு வாந்தி நிற்கவே இல்லை” என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் “ஊ...” என்று முனகுவார்கள். நம் ஊர்க்காரர்கள் போனை எடுத்துவிடுவார்கள். போன வாரம் ஒரு தமிழ்க் குடும்பம் ஏறியது. அந்த அப்பாவைப் பார்த்துத் தமிழில் ஒரு ஜோக் அடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொம்பப் பைசே, வெட்கமாக ஆகிவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டுத் தகவலை மட்டும் சொன்னால் என்ன? கடைசி நடையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அப்போது இன்னும் கொடுமை. நீங்கள் மேடை நகைச்சுவை பற்றி எழுதுகிறவர், அதனால் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

ஜோக்கை விட வேண்டாம். முனகுகிறார்கள் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்களே, கடி ஜோக்குக்குக் கிடைக்கிற கைதட்டலே அதுதான். மேடைக்கு முன்னால் உட்காருகிறவர் சிரிக்கவென்றே டிக்கெட் வாங்கி வந்தவர். சிரிப்பு வராவிட்டால் ஏமாந்துபோவார். உங்கள் படகில் ஏறுகிறவர் தண்ணீரையும் கட்டடங்களையும் பார்க்க வந்தவர். அவருக்கு ஜோக் கொசுறு. அது பிரமாதமாக இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. “ஐயோ, இதெல்லாம் ஒரு ஜோக்கா” என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

அப்படிப் பக்கத்தில் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், கடைத்தொகுதிகளிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் பேச்சைக் காதில் வாங்கிக் குறிப்பெடுத்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பது அவர் கண்டது. இன்னொன்றும் கண்டார். சிரிப்புக்குச் சற்று முன்னால் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஜோக்கே கிடையாது. “சரி, அப்புறம் பார்க்கலாம்” மாதிரியான சாதாரணப் பேச்சு. அதனால் ஜோக்கின் தரத்தை நினைத்து நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. ஏறும்வரை ஒருவரையொருவர் தெரியாதவர்கள் உங்கள் ஜோக்கைக் கேட்டுச் சேர்ந்து முனகுகிறார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் சேர்ந்து செய்கிற முதல் காரியமே அதுவாக இருக்கலாம்.

தகவலை மட்டும் சொன்னால் என்ன என்கிறீர்கள். அதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1955ல் கலிபோர்னியாவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ஜங்கிள் குரூஸ் என்ற படகுச் சவாரி அங்கே இருந்தது. உயிருள்ள மிருகங்களை விட வேண்டும் என்பது வால்ட் டிஸ்னியின் முதல் ஆசை. அவை பகலில் தூங்கும், ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்ததும் இயந்திர மிருகங்களை வைத்தார்கள். படகோட்டி சொன்ன விளக்கமும் ஆவணப்படம்போல வெகு பொறுப்பாக இருந்தது. சில வருஷங்களில் கூட்டத்துக்கு அலுத்துவிட்டது. இயந்திர யானை தினமும் ஒரே மாதிரிதானே காதை ஆட்டும்? ஒருமுறை பார்த்தவர் மறுமுறை எதற்கு ஏறுவார்? 1960களின் தொடக்கத்தில் மார்க் டேவிஸ் என்ற ஓவியர் வந்து, குளிக்கிற யானைக் கூட்டம் மாதிரி வேடிக்கையான காட்சிகளைச் சேர்த்தார். படகோட்டிகளின் பேச்சும் கடி ஜோக்குகளுக்கு மாறியது. இன்றுவரை அந்தச் சவாரியின் பெயரே அந்த ஜோக்குகளால்தான் நிற்கிறது. அங்கே அசையும் பொருள் எதுவும் மாறுவதில்லை, படகுக்குப் படகு மாறுவது மைக் பிடித்திருப்பவரின் குரல் மட்டும்தான். உங்கள் மரினா பேயும் அப்படித்தான். சாண்ட்ஸ் ஹோட்டலின் மூன்று கோபுரங்களும் எஸ்பிளனேட் கலையரங்கின் டுரியான் போன்ற கூரையும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அசைகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்தச் சவாரியில் மிகவும் பேர்பெற்ற ஜோக்கைக் கேளுங்கள். படகு ஒரு அருவியின் முன்னால் போகும், பிறகு வளைந்து அதன் பின்னால் நுழையும். படகோட்டி குரலை உயர்த்தி, உலகத்தின் எட்டாவது அதிசயத்தைக் காட்டப்போவதாகப் பீடிகை போடுவார். எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். “இதோ, தண்ணீரின் பின்பக்கம்!” அவ்வளவுதான். பல தலைமுறைகளாக இதைச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் இதற்காகவே காத்திருந்து, கூடவே சேர்ந்து சொல்லிக் கைதட்டுகிறார்கள். பீடிகை மலையளவு, சரக்கு கடுகளவு. இரண்டுக்கும் நடுவில் படகோட்டியின் முகத்தில் துளிகூடச் சிரிப்பு இருக்கக் கூடாது, வெட்கமும் இருக்கக் கூடாது. நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. “பைசே” என்ற வார்த்தை உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அது உங்கள் முகத்திலும் தெரிந்திருக்கும். முன்னோக்கி வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிகிற ஒரே முகம் உங்களுடையது. அது சங்கடப்பட்டால் படகு முழுக்கச் சங்கடப்படும். சொல்லிவிட்டு இரண்டு மூச்சு விடுங்கள், முனகல் முழுதாக வந்து அடங்கட்டும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த தகவலுக்குப் போங்கள். “யாரும் சிரிக்கவில்லையே” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி அவர்களுக்கு வேலை வைக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் போனை எடுப்பதற்கு வருவோம். சிங்கப்பூரர் ஒருவர் இந்த மாதிரிப் படகில் எப்போது ஏறுகிறார்? சென்னையிலிருந்து சித்தப்பா வந்தால், மலேசியாவிலிருந்து சம்பந்தி வந்தால். அன்று அவர் விருந்து வைக்கிறவர். விருந்தாளிக்குப் பிடிக்கிறதா, வெயில் அடிக்கிறதா, அடுத்து எங்கே சாப்பிடுவது என்று மனசு ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு நம் மெர்லயனை யாரோ கேலி செய்கிறார்கள், விருந்தாளி என்ன நினைப்பாரோ என்றும் ஒரு கூச்சம். உங்களைப் பிடிக்காமல் போனை எடுக்கிறார் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள், விருந்தாளி சிரித்த பிறகு இவரும் சிரிப்பார்.

அந்த அப்பா விஷயம் வேறு. தமிழர்களுக்குக் கடி ஜோக் புதிதில்லை. காளமேகப் புலவர் காலத்திலிருந்து சிலேடையை ரசித்து வளர்ந்தவர்கள் நாம். வழியில் நின்றுபோன காரைத் தள்ள வரச் சொன்னபோது, தமிழறிஞர் கி.வா.ஜகந்நாதன் “நான் தள்ளாதவன் ஆயிற்றே” என்றாராம். இந்தக் கதையைப் பட்டிமன்றத்தில் எத்தனை முறை சொன்னாலும் கூட்டம் “அட!” என்கிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிவதால் வருகிற “அட!” அது. உங்கள் படகில் நீங்கள் திடீரென்று தமிழுக்கு மாறி ஒருவரைப் பார்த்துப் பேசினீர்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாக் கண்ணும் அவர்மேல். நம்மை வைத்து ஏதோ சொல்கிறான் என்று நினைத்திருப்பார். சேர்ந்து முனக அவருக்கு அங்கே துணை யாரும் இல்லை. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் இதே படகுச் சவாரிக்குக் காண்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் என்று மூன்று வரிசை வைத்திருக்கிறார்கள், அந்தந்த மொழிக்காரருக்கு அந்தந்தப் படகு. உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரே படகில் நாலைந்து மொழி உட்கார்ந்திருக்கும். அதனால் சொல்லை வைத்து விளையாடும் ஜோக்கைக் குறைத்து, கண்ணால் பார்த்தே புரிகிற ஜோக்கை வையுங்கள். மெர்லயன் ஜோக் எடுபடுவது அதனால்தான். சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க மொழி எதற்கு? தமிழ்க் குடும்பம் வந்தால் இறங்கும்போது தமிழில் நாலு வார்த்தை பேசுங்கள், அகமகிழ்ந்து போவார்கள்.

ஆளைக் குறிவைக்கும் ஜோக்கையும் தூக்கிப்போடுங்கள். ஜங்கிள் குரூஸிலேயே பழங்குடி மக்களைக் கேலிப்பொருளாகக் காட்டிய காட்சிகளை 2021ல் எடுத்துவிட்டார்கள். அருவியின் பின்பக்கம் அப்படியேதான் இருக்கிறது. எதை எடுக்கலாம், எதை வைக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு தகவல் பிழை இருக்கிறது, அதையே நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். 1972லிருந்து நிற்கவே இல்லை என்பது சரியில்லை. 1997ல் எஸ்பிளனேட் பாலம் வந்து மெர்லயனைக் கடலிலிருந்து மறைத்துவிட்டது. 1998ல் தண்ணீர் இறைக்கும் பம்ப் பழுதாகி வாய் வறண்டது. 2002ல் 8.6 மீட்டர் உயரமும் 70 டன் எடையும் கொண்ட அந்தச் சிலையை 120 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் வைத்த பிறகுதான் மறுபடி கொட்ட ஆரம்பித்தது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “1998ல் இதற்கு வாந்தி நின்றது. ஏன் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். 2002ல் கடல் பார்த்த வீடு கொடுத்தார்கள், உடனே பழையபடி ஆகிவிட்டது.” வீடு மாறுவது பற்றியே சதா பேசுகிற ஊர் இது, போனைப் பார்க்கிறவர்கூடத் தலை நிமிர்வார். ஜோக்கும் தகவலும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

கடைசி நடைக்கு வேறு வழி. நாலைந்து பேரிடம் முனகல் கிளம்பாது, எவரும் தன் குரல் தனியாகக் கேட்பதை விரும்ப மாட்டார். மைக்கை அணைத்துவிடுங்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேளுங்கள், அவர்கள் ஊரில் இப்படி எல்லோரும் கேலி செய்யும் சிலை எது என்று கேளுங்கள். ஸ்கிரிப்டில் இரண்டு ஜோக் சொன்னால் போதும், மீதி நேரம் அவர்கள் பேசட்டும். வீடு மாறிய ஜோக்கை முதலில் அங்கேதான் சொல்லிப் பார்க்க வேண்டும், எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா