ஜட்ஜ் ஹோல்டன் மனிதனா, பிசாசா?

கோர்மாக் மெக்கார்த்தியின் 'பிளட் மெரிடியன்' நாவல் பாதியில் நிற்கிறது, ஜட்ஜ் ஹோல்டன் மனிதனா பிசாசா என்று புரியாமல் மேலே போக முடியவில்லை என்கிறீர்கள். அந்தக் கேள்வியை ஓரமாக வையுங்கள். மெக்கார்த்தி கடைசிவரை பிடிகொடுக்க மாட்டார்.

அவன் கைகளைக் கவனியுங்கள். பழைய ஸ்பானியக் கவசத்தின் பாதத் தகட்டை நோட்டில் அழகாக வரைகிறான். அப்புறம் அந்தத் தகட்டையே கசக்கி உருட்டி நெருப்பில் எறிகிறான். மொட்டைத் தலை, ஏழடி உயரத்தைவிட எனக்கு அதுதான் பயங்கரம். தனக்குத் தெரியாமல் உலகில் எதுவும் இருக்கக்கூடாதாம்!

நாவலில் அவன் சேர்ந்து திரியும் கிளான்டன் கும்பல் 1849-50இல் நிஜமாகவே தலைத்தோல் உரித்துக் காசு பார்த்தது. ஹோல்டனோ, நாவலுக்கு வெளியே சேம்பர்லைன் என்ற சிப்பாயின் நினைவுக்குறிப்பில் மட்டும் வருகிறான்.

ரத்தம் திகட்டினால் நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும்.