நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி ஜெயித்தார், ஒபாமாவுக்கும் அதே 9 பிரதிநிதிகள். எப்படி?

2008 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலைப் பற்றிக் கேட்கிறீர்கள். கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கான உட்கட்சிப் போட்டி அது. ஹிலாரிக்கு 39 சதவீதம், ஒபாமாவுக்கு 36.5 சதவீதம். ஆனால் இருவருக்கும் தலா 9 பிரதிநிதிகள், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுபவர்கள். இதில் கோல்மால் எதுவும் இல்லை.

நம் ஊர்த் தொகுதி மாதிரி ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே முழுவதும் என்பது அங்கே கிடையாது. வாக்கு விகிதப்படி பங்கு பிரிப்பார்கள். 15 சதவீதத்தைத் தாண்டினால்தான் பங்கு. சுமார் 17 சதவீதம் வாங்கிய ஜான் எட்வர்ட்ஸ் 4 பேரைப் பெற்றார். 5 சதவீதத்தைக்கூடத் தொடாத பில் ரிச்சர்ட்சனுக்கு ஒன்றுமில்லை. அதோடு மாநிலத்துக்கு ஒரு கணக்கு, இரண்டு காங்கிரஸ் தொகுதிகளுக்கும் தனித்தனிக் கணக்கு. மொத்தமே 22 இடங்கள். அதை இப்படித் துண்டு போட்டால் இரண்டரை சதவீத வித்தியாசம் எங்கே தெரியும்? ஆளைப் பாதியாக வெட்டியா கொடுக்க முடியும்!

சரி, அப்புறம் ஏன் அவ்வளவு பரபரப்பு? அதற்கு முன் அயோவா மாநிலத்தில் நடந்த போட்டியில் ஹிலாரி மூன்றாவதாக வந்திருந்தார். கருத்துக்கணிப்புகளும் ஒபாமாதான் என்றன. நியூ ஹாம்ப்ஷயரின் டிக்ஸ்வில் நாட்ச் என்ற குட்டி ஊரில் நள்ளிரவிலேயே ஓட்டுப் போட்டு எண்ணிவிடுவார்கள். அங்கே ஒபாமாவுக்கு 7, ஹிலாரிக்குப் பூஜ்யம். ஆனால் அன்று இரவு மாநிலம் முழுவதும் எண்ணியபோது ஹிலாரி சுமார் 7,600 வாக்குகளில் முந்தினார். பிரதிநிதிக் கணக்கில் சமன்தான், ஆனால் போட்டி ஜூன் வரை இழுத்தது.